இருக்கா, இல்லையா?

பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸை ஏற்றிவிட்டு, அது பூட் ஆகும்போது சரசரவென ஓடிய வரிகளைப் பிறகு நிதானமாகப் படித்துப் பாருங்கள். முதல் சீரியல் போர்ட் இன்ன முகவரியில் இருக்கிறது, அதன் இன்டரப்ட் எண் 4, அது ஒரு 16550ஏ என்று ஒரு வரி இருக்கும். இதில் வியக்க வேண்டியது கடைசிச் சொல். சிப்பின் முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்கக் கெர்னலுக்குக் கண் கிடையாது. தன் பெயரைச் சொல்லும் ரெஜிஸ்டரும் அந்தச் சிப்புக்குள் இல்லை. பிறகு எப்படித் தெரிந்தது?

தடவிப் பார்த்துத்தான்.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் போர்ட்டை ஓட்டியது 8250 என்ற சிப். 1984இல் பிசி ஏடி வந்தபோது அந்த இடத்தில் 16450 உட்கார்ந்தது. 1987இல் பிஎஸ்/2 வரிசையோடு 16550. எல்லாம் நேஷனல் செமிகண்டக்டரின் குடும்பம். மூத்ததற்கு எழுதிய நிரல் இளையதிலும் ஓட வேண்டும் என்பதால் ரெஜிஸ்டர்களின் இருப்பிடத்தை யாரும் மாற்றவில்லை. புதிதாகச் சேர்ந்ததெல்லாம் 'இருந்தால் எடுத்துக்கொள்' என்ற வகை. 16450இல் ஒரு கிறுக்கல் ரெஜிஸ்டர் சேர்ந்தது. எழுதியதைத் திருப்பித் தருவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. 16550இல் ஃபைஃபோ சேர்ந்தது. முதலில் வந்தது முதலில் வெளியேறும் சின்னத் தொட்டி. அனுப்ப 16 பைட், வாங்க 16 பைட்.

பதினாறு பைட்டில் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம். நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில், தொடக்க பிட், முடிவு பிட் எல்லாம் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட் ஆகிறது. நொடிக்கு 11,520 பைட். தொட்டி இல்லாத சிப், பைட் ஒவ்வொன்றுக்கும் இன்டரப்ட் அனுப்பிச் சிபியுவைக் கூப்பிடும். 87 மைக்ரோ நொடிக்கு ஒரு தடவை. கூப்பிட்ட நேரத்துக்குள் சிபியு வந்து எடுக்காவிட்டால் அடுத்த பைட் வந்து முந்தையதை அழித்துவிடும். தொட்டியில் 8 பைட் சேர்ந்த பிறகு கூப்பிட்டால் போதும் என்று வைத்தால் நொடிக்கு 1,440 இன்டரப்ட்தான். சிபியு கொஞ்சம் தாமதித்தாலும் மிச்சம் எட்டு பைட்டுக்கு இடம் இருக்கிறது. 1990களில் வேகமான மோடம் வாங்கியவர்கள் 16550ஏ பொருத்திய கார்டைத் தேடி அலைந்தது இதற்காகத்தான்.

ஏன் 'ஏ'? முதலில் வெளிவந்த 16550இன் தொட்டியில் பழுது. அதை நம்பி டேட்டாவைப் போட முடியாது. பழுதைச் சரிசெய்து வந்தது 16550ஏ. ஆக டிரைவர் பிரித்தறிய வேண்டியவை இருப்பதும் இல்லாததும் மட்டுமல்ல. இருந்தும் தொடக்கூடாதது என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. இந்த அத்தியாயம் முழுக்க அந்த மூன்றாவது நம்மைத் துரத்தும்.

லினக்ஸில் இந்தக் குடும்பத்தைக் கவனிக்கும் டிரைவரின் பெயர் இன்றும் 8250தான். தாத்தா பெயரையே வீட்டுக்கு வைத்துவிட்டார்கள். அது செய்யும் முதல் வேலை, அங்கே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது. இன்டரப்ட் அனுமதி ரெஜிஸ்டரில் சுழியம் எழுதித் திரும்பப் படிக்கும். பிறகு கீழ் நான்கு பிட்டையும் 1 ஆக்கித் திரும்பப் படிக்கும். எழுதியதே வந்தால் ஆள் உண்டு.

இதில் ஒரு குழி இருக்கிறது. அந்தக் கால ஐஎஸ்ஏ பஸ்ஸில் எந்தச் சிப்பும் இல்லாத முகவரியைப் படித்தாலும், சற்றுமுன் எழுதிய மதிப்பு கம்பியில் மின்னூட்டமாகத் தங்கியிருந்து அப்படியே திரும்பலாம். பாழுங்கிணற்றுக்குள் 'யாரது' என்று கத்தினால் உள்ளேயிருந்தும் 'யாரது' என்றே வருமே, அதுபோல. அதனால் டிரைவர் நடுவில் ஒரு தந்திரம் செய்கிறது. சுழியத்தை எழுதிய கையோடு, சீரியல் போர்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத, பதினறும எண்ணில் 80 என்ற முகவரிக்கு எட்டு ஒன்றுகளை அனுப்புகிறது. கம்பியில் இப்போது மிஞ்சியிருப்பது ஒன்றுகளின் எதிரொலி. இதற்குப் பிறகும் சுழியம் திரும்பினால் அது சிப்பின் சொந்தக் குரல்.

ஆள் உண்டு என்று தெரிந்ததும் தொட்டியை முடுக்கிவிட்டு, இன்டரப்ட் அடையாள ரெஜிஸ்டரின் மேல் இரண்டு பிட்டைப் பார்க்கும். 11 என்றால் 16550ஏ, அல்லது அதற்குப் பின் வந்த உறவினர்கள். 10 என்றால் பழுதான 16550. 00 என்றால் தொட்டியே இல்லை. 8250ஆ 16450ஆ என்பதுதான் மிச்சக் கேள்வி. கிறுக்கல் ரெஜிஸ்டரில் 10100101 எழுதிப் படித்து, பிட்களைத் தலைகீழாக்கி 01011010 எழுதிப் படிக்கும். இரண்டும் பிசகாமல் திரும்பினால் 16450. இல்லாவிட்டால் தாத்தாவேதான்.

துப்பறிவது சுவாரசியமான வேலை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடப்பதை. கண்டுபிடித்த விடையை டிரைவர் எந்த உருவத்தில் வைத்துக்கொள்கிறது?

இதை முதல்முறை எழுதுகிறவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். 'தொட்டி இருக்கிறது' என்று ஒரு கொடி வைத்துக்கொள்வார். பைட் அனுப்பும் இடத்தில், கொடி ஏறியிருந்தால் பதினாறு பைட்டைத் தள்ளு, இல்லையென்றால் ஒன்றைத் தள்ளு என்று ஓர் இஃப். வாங்கும் இடத்தில் இன்னோர் இஃப். வேகம் மாற்றும் இடத்தில் ஒன்று, உறங்கி எழும் இடத்தில் ஒன்று. அடுத்த வருடம் புதிய சிப் வந்து இன்னொரு வசதியைக் கொண்டுவரும். அதற்கும் ஒரு கொடி, நான்கு இஃப்.

8250 டிரைவர் அப்படிச் செய்யவில்லை. அதனிடம் ஓர் அட்டவணை இருக்கிறது. சிப் வகைக்கு ஒரு வரி. தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு, ஒரு மூச்சில் எத்தனை பைட் நிரப்பலாம் என்று எண்கள். 16550ஏ வரியில் 16, 16. 8250 வரியிலும் 16450 வரியிலும் 1, 1. பழுதான 16550? அதற்கும் 1, 1தான். தொட்டி இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை; கதை முடிந்தது. அனுப்பும் வளையம் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, ஒரு பைட்டைத் தள்ளி, எண்ணில் ஒன்றைக் குறைத்து, சுழியம் ஆகும்வரை சுற்றும். தொட்டியில்லாத சிப்புக்கு வளையம் ஒரே சுற்றில் முடிகிறது. தொட்டி என்பது என்னவென்றே அந்த வளையத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. 'இருக்கா, இல்லையா' என்ற கேள்வி 'எத்தனை' என்று உருமாறிவிட்டது. இல்லாமை என்பது தனி நிலை அல்ல. ஒன்று என்ற எண்தான்.

தெருமுனை டீக்கடையில் தினமும் வருகிறவரிடம் மாஸ்டர் 'சர்க்கரை போடவா' என்று கேட்பதில்லை. முதல்நாள் கேட்டதோடு சரி. டிரைவருக்கும் இரண்டு வேளைகள் உண்டு. கருவியைக் கண்டுபிடித்துத் தயார்செய்யும் வேளை, இதை 'புரோப்' என்பார்கள். ஒரு தடவைதான் வரும், சில மில்லி நொடி கூடக்குறைய ஆனாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். மற்றது, டேட்டா ஓடும் வேளை. நொடிக்கு ஆயிரம் தடவையோ கோடித் தடவையோ வரும். விருப்பத்துக்குரிய வசதிகளைப் பற்றிய கேள்விகளை எல்லாம் முதல் வேளையிலேயே கேட்டு முடித்து, இரண்டாவது வேளை மறுபடி கேட்கத் தேவைப்படாத உருவத்தில் விடையை வைப்பதுதான் இதில் உள்ள கலை.

வேகம் மட்டும் காரணமில்லை. ஐந்து வசதிகள், ஒவ்வொன்றும் இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்றால் 32 சேர்க்கைகள். எழுதியவர் மேசையில் அதில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். மற்றவை எல்லாம் யாரோ ஒருவருடைய கணினியில், யாரோ ஒருவருடைய ராத்திரியில்தான் முதல்முறையாகச் சோதிக்கப்படும். வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுவது ஒரே வளையம் என்றால், ஒன்றில் சோதித்தது மற்றதற்கும் பெருமளவு பொருந்தும்.

*

1992இல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ பஸ், தடவிப் பார்க்கும் வேலையைப் பெருமளவு ஒழித்தது. ஒவ்வொரு கருவியும் 256 பைட் அளவுக்குத் தன்னைப் பற்றிய ஜாதகம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். முதல் நான்கு பைட்டில் தயாரித்த நிறுவனத்தின் எண், கருவியின் எண். இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்ட எண் 8086, பதினறும எண்ணில். தன் புகழ்பெற்ற பிராசசரின் பெயரையே அடையாளமாக்கிக்கொண்ட குறும்பு. ஆளில்லாத இடத்தைப் படித்தால் எல்லாப் பிட்டும் 1 ஆக வரும். அந்த எண் எந்த நிறுவனத்துக்கும் தரப்படுவதில்லை. பாழுங்கிணற்றுப் பிரச்சினைக்கு வந்த நேர்மையான தீர்வு.

கூடுதல் வசதிகளை அறிவிக்க ஒரு சங்கிலி இருக்கிறது. சங்கிலி உண்டா என்பதை ஒரு பிட் சொல்லும். உண்டென்றால் 52ஆவது பைட் முதல் கண்ணியின் இடத்தைக் காட்டும். கண்ணி ஒவ்வொன்றிலும் வசதியின் எண், அடுத்த கண்ணியின் இடம். 1 என்றால் மின்சிக்கன மேலாண்மை. 5 என்றால் எம்எஸ்ஐ, அதாவது இன்டரப்டைத் தனிக் கம்பியில் அனுப்பாமல் நினைவகத்தில் எழுதும் செய்தியாக அனுப்பும் திறன். 17 என்றால் அதன் பெரிய அண்ணன் எம்எஸ்ஐ-எக்ஸ். அடுத்த இடம் சுழியம் என்றால் சங்கிலி முடிந்தது. புதிய வசதியைப் பற்றி ஒன்றுமே தெரியாத பழைய டிரைவர், தெரியாத எண்ணைத் தாண்டிப் போய்விடலாம். பிசிஐ எக்ஸ்பிரஸில் இந்த ஜாதகம் 4,096 பைட்டாக வளர்ந்தும் இந்த நல்ல குணம் கெடவில்லை.

இன்டரப்ட் விஷயத்தில் டிரைவர் இந்தச் சங்கிலியைத் தானே அவிழ்க்க வேண்டியதும் இல்லை. 'குறைந்தது ஒன்று, அதிகபட்சம் எட்டு. எந்த வகையானாலும் சரி' என்று கெர்னலிடம் கேட்டால், அது எம்எஸ்ஐ-எக்ஸைப் பார்க்கும், கிடைக்காவிட்டால் எம்எஸ்ஐ, அதுவும் இல்லாவிட்டால் பழைய கம்பி. திரும்பி வருவது கிடைத்த எண்ணிக்கை. டிரைவர் அத்தனை வரிசைகளை அமைத்துக்கொள்ளும். இங்கேயும் விடை ஓர் எண்ணாகவே வந்து சேர்கிறது.

இந்த ஜாதகத்தை மறுபடி மறுபடி புரட்டலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது. கருவியின் ரெஜிஸ்டரைப் படிப்பது என்றால் கேள்வி பஸ்ஸைக் கடந்து போய், பதில் திரும்பி வரும்வரை சிபியு கைகட்டி நிற்பது. நூற்றுக்கணக்கான நானோ நொடி வீண். அதே விடை நினைவகத்தில், கேஷுக்குள் இருந்தால் ஓரிரு நானோ நொடி. ஒருமுறை கேட்டதை எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் மட்டுமல்ல, பெரிய லாபமும்கூட.

*

கைபேசிக்குள்ளும் ரவுட்டருக்குள்ளும் இருக்கும் சிப்களில் பிசிஐயின் இந்த ஒழுங்கு கிடையாது. அங்கே போர்டைப் பற்றிய விவரங்களை 'டிவைஸ் ட்ரீ' என்ற பட்டியலாக எழுதிக் கெர்னலிடம் கொடுக்கிறார்கள். இன்ன கருவிக்கு இந்தக் கடிகாரத் துடிப்பு, இந்த ரீசெட் கம்பி, இந்த மின்வழங்கி. ஒரு போர்டில் ரீசெட் கம்பி இணைக்கப்பட்டிருக்கும். இன்னொன்றில் செலவை மிச்சம்பிடிக்க அதை விட்டிருப்பார்கள். டிரைவர் ஒன்றேதான்.

இதற்குக் கெர்னலில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. விருப்பத்துக்குரிய கடிகாரத்தைக் கேட்கத் தனியான 'ஆப்ஷனல்' வகைச் செயற்கூறு இருக்கிறது. கடிகாரம் இல்லையென்றால் அது பிழை என்று அலறாமல் 'நல்' என்ற வெற்றுச் சுட்டியைத் தரும். கடிகாரத்தை ஓட்டும், நிறுத்தும் செயற்கூறுகள் எல்லாம் வெற்றுச் சுட்டியைப் பார்த்தால் ஒன்றும் செய்யாமல் 'வெற்றி' என்று திரும்பிவிடும். டிரைவர் எழுதுகிறவர் எந்த இடத்திலும் 'இருந்தால்' என்று எழுதவே வேண்டாம். ஓட்டு, நிறுத்து என்று நேராக எழுதிக்கொண்டே போகலாம். இல்லாத கடிகாரம் இல்லாத வேலையைச் செவ்வனே செய்துவிடும்.

ஆனால் 'இல்லை' என்ற சொல்லைக் கெர்னலில் கவனமாகக் கேட்க வேண்டும். கடிகாரத்தைக் கேட்டால் வரக்கூடிய விடைகள் மூன்று. அப்படி ஒன்று இந்தப் போர்டில் கிடையாது. அல்லது, உண்டு, ஆனால் அதைத் தரும் டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, கொஞ்சம் பொறுத்து வா. அல்லது, உண்டு, எடுக்கப்போன இடத்தில் ஏதோ கெட்டுப்போயிற்று. முதலாவதுக்குக் கெர்னலின் பிழை எண் 2. இரண்டாவதுக்கு 517. 2012இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து, இந்த 517ஐத் திருப்பித் தரும் டிரைவரைக் கெர்னல் காத்திருப்போர் வரிசையில் போட்டுப் பிறகு மறுபடி அழைக்கும்.

அவசரக்காரர்கள் மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து, எந்தப் பிழை வந்தாலும் 'சரி, இந்தப் போர்டில் இல்லை போலிருக்கிறது' என்று தாண்டிவிடுவார்கள். விளைவு வேடிக்கையானது, அடுத்தவருக்கு நடந்தால். கடிகார டிரைவர் முந்திக்கொண்ட நாளில் எல்லாம் ஒழுங்காக ஓடும். பிந்திய நாளில், கருவி கடிகாரம் இல்லாமலே வேலையைத் தொடங்கி, பத்து நிமிடம் கழித்து எங்கோ தொங்கி நிற்கும். மறுபடி பூட் செய்தால் சரியாகிவிடும். பிழையைப் பிடிக்க வந்தவர் கேபிளைச் சந்தேகிப்பார், மின்சாரத்தைச் சந்தேகிப்பார், கடைசியில் தன்னையே சந்தேகிப்பார். ஆப்ஷனல் செயற்கூறு வெற்றுச் சுட்டியாக மாற்றுவது முதல் விடையை மட்டும்தான். மற்ற இரண்டையும் பிழையாகவே கொடுக்கும், டிரைவரும் அவற்றைப் பிழையாகவே மேலே அனுப்ப வேண்டும்.

இங்கே ஒரு புகார். மின்வழங்கிகளுக்கும் பெயரில் ஆப்ஷனல் என்றுள்ள செயற்கூறு இருக்கிறது, ஆனால் அது வெற்றுச் சுட்டி தராது. பிழை எண் 19ஐத் தரும். சாதாரணச் செயற்கூறோ, பட்டியலில் மின்வழங்கி இல்லாவிட்டால் ஒரு பொம்மை மின்வழங்கியைக் கையில் கொடுத்துவிடும். காரணம் நியாயமானதுதான்: மின்சாரம் இல்லாமல் எந்தச் சிப்பும் ஓடாது, பட்டியலில் எழுத மறந்திருப்பார்கள், அவ்வளவே. மின்சாரம் வராமலேயே போகக்கூடிய கால்களுக்குத்தான் ஆப்ஷனல். நியாயம் புரிகிறது. ஆனாலும் ஒரே சொல்லுக்குப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பொருள் இருந்தால் தவறிழைப்பவர்களை முழுதும் குறைசொல்ல முடியவில்லை.

*

வேகமான கருவிகளுக்கு வருவோம். 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டில் மிகச் சிறிய ஈதர்நெட் பாக்கெட் 64 பைட். முன்னொட்டும் இடைவெளியும் சேர்த்தால் கம்பியில் 84 பைட். கணக்குப் போட்டால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் பாக்கெட். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோ நொடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுவில் அது சுமார் 200 துடிப்பு.

இதைக் கேட்டதும் எல்லா இஃபையும் வெட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். பொறுங்கள். எப்போதும் ஒரே விடை வரும் இஃபைச் சிபியு விரைவிலேயே மனப்பாடம் செய்துகொள்ளும். கிளையை முன்கூட்டியே ஊகித்து ஓடிவிடும். ஊகம் தவறினால்தான் 15, 20 துடிப்பு போகும். ஒரே ஒரு கார்டு இருக்கும் கணினியில் 'இந்தக் கார்டில் இந்த வசதி உண்டா' என்ற கேள்விக்கு விடை மாறுவதே இல்லை. ஆக அந்த இஃப் பெரும்பாலும் இலவசம். இலவசமில்லாதது, அந்தக் கொடியைத் தேடிப்போவது. கொடி இருக்கும் நினைவகப் பகுதி கேஷில் இல்லாவிட்டால் முதன்மை நினைவகம்வரை போய்வர வேண்டும்; அந்த ஒரு பயணத்திலேயே 67 நானோ நொடி கரைந்துவிடும். அதனால் டேட்டா ஓடும் வேளையில் தேவைப்படும் கொடிகளை, எப்படியும் தொடப்போகும் விவரங்களுக்குப் பக்கத்திலேயே, ஒரே 64 பைட் கேஷ் வரிக்குள் அடுக்குவார்கள். இஃபை ஒழிப்பதைவிட இதில் கிடைக்கும் லாபம் அதிகம்.

இன்னொரு வழி, வசதிக்கேற்ப வெவ்வேறு செயற்கூறுகளை எழுதி, புரோப் வேளையில் பொருத்தமான ஒன்றின் முகவரியைச் சுட்டியில் வைப்பது. கெர்னல் முழுக்க இந்தப் பாணி பரவியிருக்கிறது. படிக்கவும் நன்றாக இருக்கும். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது இதன் விலை திடீரென ஏறியது. சுட்டி வழியே தாவும் இடங்களில் சிபியுவை ஊகிக்கவிட்டால், அந்த ஊகத்தை வைத்தே ரகசியங்களைத் திருடலாம் என்று தெரிந்தது. ஊகத்தை முடக்கும் 'ரெட்போலைன்' என்ற சுற்றுவழியைக் கெர்னல் போட்டது. சுட்டி வழி அழைப்பு ஒவ்வொன்றுக்கும் பல துடிப்புகள் கூடின. நெட்வொர்க் பகுதியில் வேலை செய்தவர்கள் 'சுட்டியில் இருப்பது இந்தச் செயற்கூறுதானா? ஆமென்றால் நேராக அழை' என்று இஃபைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நேற்றுவரை அழகு என்று மெச்சியதை இஃப் தோற்கடித்த காலம் அது.

கேள்வியை நிரலிலிருந்தே அழித்துவிடும் முறையும் இருக்கிறது. ஜேசன் பாரன் எழுதி, 2.6.37 பதிப்பில் சேர்ந்த 'ஜம்ப் லேபிள்' அது. கேள்வி இருக்க வேண்டிய இடத்தில், எக்ஸ்86 சிபியுவில், ஒன்றும் செய்யாத ஐந்து பைட் கட்டளை கிடக்கும். வசதியை இயக்கியதும் கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் தன் நிரலையே திருத்தி, அந்த ஐந்து பைட்டைத் தாவும் கட்டளையாக்கிவிடும். கொடி இல்லை, படிப்பதும் இல்லை. இதைப் பார்த்து மயங்கித் தன் டிரைவரில் கொண்டுபோய் வைக்கும் ஆர்வலர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள்: நிரல் ஒன்றுதான், கார்டுகள் பல. ஒரே கணினியில் வசதியுள்ள கார்டும் இல்லாத கார்டும் செருகப்பட்டால் அந்த ஐந்து பைட் யார் பக்கம் நிற்கும்? கணினி முழுமைக்கும் ஒரே விடை உள்ள கேள்விகளுக்கு அது அருமையான கருவி. கார்டுக்குக் கார்டு மாறும் கேள்விக்கு, அந்தந்தக் கார்டின் விவரத்தோடு வைத்த ஓர் எண்தான் பொருத்தம்.

அந்த எண் எப்படி இருக்கும் என்பதற்கு ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்டியோ நல்ல சான்று. மெய்நிகர் கணினிக்குள் ஓடும் லினக்ஸ், தனக்கு வெளியே இருக்கும் மெய்நிகர் நெட்வொர்க் கார்டோடு பேசும் மொழி அது. கருவி தன்னால் முடிந்ததை எல்லாம் பிட்களாக அடுக்கிக் காட்டும். டிரைவர் அவற்றில் தனக்குப் புரிந்ததை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதி, 'முடிவு செய்துவிட்டேன்' என்ற பிட்டையும் ஏற்றி, அந்தப் பிட்டை மறுபடி படிக்கும். இறங்கியிருந்தால் கருவிக்கு இந்தச் சேர்க்கையில் சம்மதமில்லை. பேரம் முடிந்த பிறகு மாற்றிப் பேச இடமில்லை. பாக்கெட்டின் முன்னால் ஒட்டும் தலைப்பு, பல துண்டுகளைச் சேர்க்கும் வசதி இருந்தால் 12 பைட்; பழைய கருவியில் அது இல்லாவிட்டால் 10 பைட். டிரைவர் புரோப் வேளையில் தலைப்பின் நீளம் என்று ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அதன்பின் பாக்கெட்டுக்குப் பாக்கெட் நடப்பது கூட்டல், கழித்தல்தான். 16550ஏயின் பதினாறும் இந்தப் பன்னிரண்டும் ஒரே கையெழுத்து.

*

இதுவரை சொன்னதெல்லாம் கருவி உண்மை பேசுகிறது என்று நம்பி. எப்போதும் பேசுவதில்லை. சாட்டா 3.1 தரத்தில், எஸ்எஸ்டியில் 'இந்தப் பகுதி இனி வேண்டாம்' என்று சொல்லும் டிரிம் கட்டளையை, மற்ற வேலைகளோடு வரிசையில் நிற்கவைக்கும் வசதி வந்தது. அதற்குமுன் டிரிம் வந்தால் மற்ற எல்லாம் ஓய்ந்து நிற்க வேண்டும். வசதி உண்டு என்று பிட்டை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வந்த சில எஸ்எஸ்டிகளில், கட்டளையைக் கொடுத்தால் கோளாறு. லினக்ஸின் சாட்டா பகுதியில் இதற்கென்றே கறுப்புப் பட்டியல் இருக்கிறது. மைக்ரான் எம்500, சாம்சங் 840, 850 வரிசைகள் அதில் உண்டு. வட்டின் பெயர் பட்டியலில் இருந்தால், வசதி உண்டு என்று வட்டே சொன்னாலும், புரோப் வேளையில் கெர்னல் அந்த வாக்குமூலத்தைத் தள்ளிவிடும். பழுதான 16550இன் 1, 1 இங்கே வேறு உடையில் வருகிறது. பிசிஐ கருவிகளின் குறைகளுக்கென்று ஒரு கோப்பு தனியாக இருக்கிறது; ஆயிரக்கணக்கான வரிகள், ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கெட்டுப்போன வட்டையோ உறைந்த திரையையோ பார்த்துக் கற்றது. கெர்னலில் பொழுதுபோக்காகப் படிக்கத் தகுந்த கோப்பு எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இனி, தொடங்கிய இடத்துக்கே போய் ஒரு வாக்குமூலம். 8250இன் அந்த வளையத்தை இஃபே இல்லாத அழகி போல வர்ணித்துவிட்டேன். இன்று அதைத் திறந்து பார்த்தால் உள்ளே இஃப்கள் தென்படும்.

ஒன்று ராஸ்பெர்ரி பையால் வந்தது. 2016இல் வந்த ராஸ்பெர்ரி பை 3இல், நல்ல சீரியல் போர்ட்டை புளூடூத்துக்கு ஒதுக்கிவிட்டு, பின்களுக்கு மினி யுஆர்ட் என்ற சிக்கன வகையைத் தந்தார்கள். பார்வைக்கு 8250 குடும்பம்தான். தொட்டி 8 பைட். பாரிட்டி சோதனை கிடையாது. இதைத் தடவிப் பார்த்து அடையாளம் காண முடியாது என்பதால் வகையை முன்கூட்டியே சொல்லி, சோதனைகளைத் தாண்டச் சொல்லிவிடுகிறார்கள். தொல்லை வேறிடத்தில். 'அனுப்பும் தொட்டி காலி' என்று 16550ஏயில் பொருள்படும் பிட், மினி யுஆர்ட்டில் 'தொட்டி நிரம்பவில்லை' என்று பொருள்படுகிறது. காலி என்று நம்பி ஒரே மூச்சில் தள்ளினால், ஒரு பைட்டுக்கு மட்டும் இடமிருந்த தொட்டி வழிந்துவிடும். அட்டவணையில் ஒன்று என்று எழுதினால் தொட்டி வீண், அதற்கு மேல் எந்த எண்ணை எழுதினாலும் இது சரியாகாது; எவ்வளவு இடம் இருக்கிறது என்பது நொடிக்கு நொடி மாறுகிறது.

அதனால் வளையத்துக்குள், 'இது மினி யுஆர்ட் என்றால், பைட்டுக்குப் பைட் அந்தப் பிட்டைப் படித்துப் பார், நிரம்பியிருந்தால் நிறுத்து' என்று ஓர் இஃப் நுழைந்தது. மற்றச் சிப்களுக்கு இதனால் ஆகும் செலவு, ஏற்கெனவே குறித்து வைத்த ஓர் எண்ணில் ஒரு பிட்டைப் பார்ப்பது. பைட் ஒன்று கம்பியில் போக 87 மைக்ரோ நொடி எடுக்கும் இடத்தில் அது கணக்கிலேயே வராது. நான் எழுதியிருந்தாலும் அந்த இஃபை அங்கேயேதான் வைத்திருப்பேன்.